தொப்பியில் ஒட்டிய பொட்டு

வெக்ஸ்போர்ட், ஸ்காபரோ
07.09.1997

அன்பு மகள் யோகமலருக்கு,

அம்மா எழுதுவது. காலையில் விளக்கு வைக்கும்போது உன்னுடைய பெயர், மருமகனுடைய பெயர், பேரன் ஜனாவின் பெயர் மூன்றையும் சொல்லித்தான் கும்பிடுகிறேன், அந்தக் கும்பிடு கடல் தாண்டி வெள்ளவத்தை வரைக்கும் வந்து உங்களைச் சுகமாக வைத்திருக்கும் என்று நம்பியிருக்கிறேன். இங்கே உன் தம்பி வீட்டில் நாங்கள் எல்லோரும் ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம், என் முழங்கால் மட்டும் சொல்வழி கேட்பதில்லை.

முதலில் பிள்ளைகளின் நல்ல செய்திகளைச் சொல்லிவிடுகிறேன். தம்பியின் மூத்தவன் கிருபன் பல்கலைக்கழகத்துக்கு எடுபட்டுவிட்டான், கொம்பியூட்டர் படிப்பு, சனி ஞாயிறில் டோனட் கடையில் வேலையும் செய்கிறான், கார் லைசென்ஸ் முதல் தரம் போனபோதே எடுத்தான், தகப்பன் நாலாம் தரம்தான் எடுத்தவர் என்று தாய் ரதி வருகிற ஆட்களுக்கெல்லாம் சொல்லித் தம்பியின் மானத்தை வாங்குகிறாள். இளையவள் சுபாங்கிக்குக் கணக்கில் தொண்ணூற்றாறு, தமிழ்ப் பள்ளிக்கூடத்துப் பேச்சுப் போட்டியில் முதல் பரிசு, நாற்பது குறள் ஒரு பிழையில்லாமல் சொன்னாள், கருத்தைக் கேட்டால் மட்டும் ஆங்கிலத்தில் சொல்கிறாள். இனி உன் மகன். இருபத்தொரு வயதில் ஒரு நாட்டின் பதின்மூன்று பேரில் ஒருவனாக, ஏழாம் இலக்கத் தொப்பியோடு, வாட்டர் போலோ விளையாடுகிறான். எங்கள் பரம்பரையில் இதுக்கு மேலே ஒருவரும் போகவில்லை. அவனைத்தான் நான் முதலில் எழுதியிருக்கவேண்டும். கடைசியில் எழுதுகிறேன், ஏனென்றால் இந்தக் கடிதமே அவனுக்கு நான் செய்த பிழையைச் சொல்லத்தான். அவன் இங்கேயிருந்து ஊருக்குத் திரும்பி இரண்டு கிழமையாகிறது, உனக்கு ஒன்றும் சொல்லியிருக்கமாட்டான், எனக்கு அவனைத் தெரியும். ஆகையால் நானே சொல்லுகிறேன், வாசித்து முடியும்வரை அம்மாவை ஏசாதே.

சித்திரை வருசத்துக்கு நீ அனுப்பிய அவனுடைய படம் வந்த அன்று அதைக் கையில் வைத்துக்கொண்டு வீடு முழுக்கத் திரிந்தேன். வெறும் மேலோடு நிற்கிறானே, ஒரு பெனியனாவது போட்டுக்கொண்டு எடுத்திருக்கக் கூடாதா என்று ரதியிடம் கேட்டேன், அவள் 'தண்ணிக்கை விளையாடுற பிள்ளை பின்னை கோட்டும் சூட்டுமோ மாமி போடும்' என்று சிரித்தாள். இரண்டு காதுக்கும் சிரட்டை மாதிரி மூடி வைத்து நாடிக்குக் கீழே முடிந்த வெள்ளைத் தொப்பி, தோளிலிருந்து தண்ணீர் வடிகிறது, உன் ஐயாவின் மூக்கு, உன் ஐயாவின் சிரிப்பு. மூன்றாம் தரம் பார்க்கும்போதுதான் தொப்பியின் முன்பக்கத்தில் வாள் பிடித்த சிங்கத்தைக் கண்டேன். கண்டதும் படத்தை மடியில் கவிழ்த்துவிட்டேன். அந்தச் சிங்கத்தை இதுக்கு முன்னால் நான் எங்கே கண்டேன் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை பிள்ளை. கோண்டாவிலில் எங்கள் படலையை உடைத்துக்கொண்டு வந்த ஆமிக்காரரின் உடுப்பில் கண்டேன். உன் ஐயா பொம்மர் விமானச் சத்தத்துக்குப் பங்கருக்குள் ஓடி விழுந்து இடுப்பு முறிந்து, படுத்தவர் படுத்தவர்தான். அந்தச் சிங்கம் என் பேரனின் தலையில் ஏறி இருக்கிறது.

படத்தைச் சுவரில் மாட்டாமல் இருக்கவும் மனம் வரவில்லை, மாட்டவும் பயம். இது நாலு பேர் வந்து போகிற வீடு, எங்கள் கட்டடத்தில் மாடிக்கு மாடி எங்கள் ஆட்கள்தான், ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சாவு இருக்கிறது. இரண்டு நாள் யோசித்துவிட்டு ரதியின் கண்ணாடிக்குப் பக்கத்தில் இருந்த பொட்டு மட்டையில் சிவப்பு ஒட்டுப் பொட்டு ஒன்றை எடுத்துச் சிங்கத்தின் மேல் ஒட்டினேன். அளந்து செய்ததுபோல் சரியாக மூடியது. கண்ணூறு கழிய வைத்த பொட்டு என்று பார்க்கிறவர்கள் நினைப்பார்கள் என்று எண்ணினேன். வரவேற்பறையில் மாட்டினேன். ரதி பார்த்தாள். தம்பியும் பார்த்தான்.

புதன்கிழமைகளில் கட்டடத்தின் கீழ் மண்டபத்தில் எங்கள் முதியோர் சங்கம் கூடும் என்று உனக்கு முன்னம் எழுதியிருக்கிறேன். அங்கே ஆளுக்கு ஆள் பேரப்பிள்ளைகளைப் பற்றித்தான் கதை, ஒருத்தரின் பேத்தி டொக்டர் என்றால் அடுத்தவரின் பேரன் பெரிய டொக்டர். நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் என் பேரன் நாட்டுக்கு வாட்டர் போலோ விளையாடுகிறான் என்று சொன்னேன். பொன்னம்பலம் அண்ணை, ஸ்ரேசன் மாஸ்டராக இருந்து பென்சன் எடுத்தவர், பகிடிக்காரர், 'போலோ எண்டால் குதிரையிலை ஏறி அடிக்கிற பந்தெல்லோ, உங்கடை பேரன் குதிரையைத் தண்ணிக்கை இறக்கிப்போட்டானோ' என்று கேட்டு எல்லோரையும் சிரிக்க வைத்தார். குதிரை இல்லை, ஆள் தாழ்கிற தண்ணீரில் கால் நிலத்தில் முட்டாமல் நீந்தி நீந்தி ஒற்றைக் கையால் பந்தை எறிந்து வலைக்குள் போடுகிற விளையாட்டு என்று நீ எழுதியதை அப்படியே சொன்னேன். அப்போதுதான் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார். 'அது சரி, எந்த நாட்டுக்கு?'

நாடு என்ற சொல் இங்கே எங்கள் ஆட்கள் வாயில் என்ன பொருளில் வருகிறது என்று உனக்குத் தெரியும். எனக்கு நேரே எதிர்க் கதிரையில் குருநகர்த் திரேசம்மா இருந்தாள், ஷெல்லடியில் ஒரே நாளில் இரண்டு ஆண்பிள்ளைகளைக் கொடுத்தவள். அவள் முகத்தைப் பார்த்தேன். பார்த்துவிட்டு 'சிங்கப்பூருக்கு' என்று சொல்லிவிட்டேன். பழைய காலத்தில் எங்கள் ஆட்கள் போய்ப் பென்சன் எடுத்த மரியாதையான இடம், அதனால் வாயில் வந்ததாக்கும். சொன்ன பொய்யைக் காப்பாற்ற இன்னும் பொய் வேண்டியிருந்தது, மருமகனுக்கு அங்கே கப்பல் கொம்பனியில் வேலை, மகளுக்கு மாடி வீடு என்று உன்னையும் மருமகனையும் வெள்ளவத்தையிலிருந்து கிளப்பிச் சிங்கப்பூரில் குடிவைத்தேன். நாலு மாதம் அங்கேதான் இருந்தீர்கள்.

பிறகு ஆவணியில் ஜனாவின் குழு இங்குள்ள கிளப்புகளோடு பயிற்சி விளையாட்டு விளையாடப் பத்து நாள் வருகிறது என்று நீ போனில் சொன்னாய். எனக்குச் சந்தோசம் பாதி, பயம் பாதி. சங்கத்தில் மூச்சு விடவில்லை. சனிக்கிழமை தம்பி என்னையும் சுபாங்கியையும் காரில் கூட்டிக்கொண்டு போனான், நீச்சல் குளத்து மண்டபம் மருந்து மணக்க வேர்த்துக் கொட்டியது. முன்வரிசையில் சிங்களக் குடும்பங்கள் கொடி பிடித்து றபான் மேளம் தட்டிப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். தம்பி 'அம்மா, நாங்கள் பின்னுக்கு இருப்பம்' என்றான், நானும் அதைத்தான் விரும்பினேன். எதிர்ப்பக்கத்து வெள்ளைக்காரப் பிள்ளைகள் எருமை மாதிரி, எங்கள் பிள்ளைகள் அவர்களின் அரைவாசி. தண்ணீருக்கு மேலே பந்து விளையாட்டு, தண்ணீருக்குக் கீழே உதை, அமத்திப் பிடிக்கிறார்கள். பதினேழு கோல் வாங்கி நாலு அடித்தார்கள். அந்த நாலில் இரண்டு உன் மகன் அடித்தது. இரண்டாவதை அடிக்கும்போது இடுப்பு வரைக்கும் தண்ணீருக்கு மேலே எழும்பினான், யாரோ கீழே நின்று தூக்கிவிட்டது போல. முன்வரிசைச் சனம் 'ஜனா, ஜனா' என்று கத்தியது. சுபாங்கி எழும்பி நின்று துள்ளினாள். நான் கையைச் சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டு இருந்தேன். அவன் தலையை நிமிர்த்தி மேலே என்னைத் தேடினான், கண்டான். நான் கை தட்டவில்லை மகள்.

அது மட்டுமென்றால் பரவாயில்லை. அங்கே நிலம் துடைக்கிற வேலை செய்துகொண்டிருந்த தமிழர் ஒருவர், ஐம்பது வயதிருக்கும், ஒலிபெருக்கியில் ஜனார்த்தன் என்ற பெயரைக் கேட்டுவிட்டு என்னிடம் வந்து 'அன்ரி, உந்த ஏழாம் நம்பர் எங்கடை பிள்ளையோ, உங்களுக்குச் சொந்தமோ' என்று கேட்டார். நான் 'தெரியாது தம்பி, பேத்தி பாக்கோணும் எண்டவள், அதுதான் வந்தனாங்கள்' என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, எங்கள் பிள்ளை போலத்தான் இருக்கிறான், நல்லாய் அடிக்கிறான் என்று தன்பாட்டில் சொல்லிக்கொண்டு, துடைக்கிற தடியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு கையாலும் தட்டினார். யாரென்று தெரியாத மனிசன் தட்டினார். சுபாங்கி என்னைப் பார்த்து 'அப்பம்மா, ஏன் லை பண்ணினீங்கள்' என்று கேட்டாள்.

அடுத்த நாள் ஞாயிறு மத்தியானம் ஜனா வீட்டுக்கு வந்தான். தன்னோடு கோல் காக்கிற சிங்களப் பொடியன் ருவனையும் கூட்டிக்கொண்டு வந்தான், ஆறடி உயரம், பச்சைப் பிள்ளையின் முகம். வாசலில் என்னைக் கண்டதும் குனிந்து காலைத் தொட்டு 'ஆச்சி' என்றான். அவர்களும் ஆச்சி என்றுதான் சொல்வார்களாம், எனக்கு இந்த வயதில்தான் தெரியும். இடியப்பம், சொதி, கணவாய்க் கறி வைத்தோம், அந்தப் பொடியன் எத்தனை இடியப்பம் தின்றான் என்று எண்ணக்கூடாது, ரதி இன்னொரு தட்டு அவித்தாள். அவன் கை கழுவப் போன நேரத்தில் தம்பி ஜனாவிடம் மெல்ல 'திரும்பிப் போகாதை, இஞ்சையே நிண்டு அகதிக்கு விண்ணப்பம் அடி, லோயரை நான் பிடிக்கிறன்' என்று சொன்னான். ஜனா 'மாமா, நான் தமிழன் எண்டு மனேச்சர் என்ரை பாஸ்போட்டை வாங்கி வைக்கேல்லை. மற்றவைக்குக் குடுத்த மாதிரி எனக்கும் கையிலை தந்துவிட்டவர். நான் நிண்டால் அவற்றை முகத்திலை ஆர் முழிக்கிறது' என்றான். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, அந்தப் பெருமை முழுதாய்ப் பத்து நிமிசம் நிலைக்கவில்லை.

கை கழுவிவிட்டு வந்த ருவன் சுவரில் இருந்த படத்தைக் கண்டான். எனக்கு அது பழகிப்போய்விட்டது மகள், பொட்டும் படத்தோடு பிறந்தது போல, கழற்றி வைக்கவேண்டும் என்ற எண்ணமே வரவில்லை. அவன் கிட்டப் போய்ப் பார்த்து, பொட்டை விரலால் தொட்டுச் சிங்களத்தில் ஏதோ கேட்டான். ஜனா எழும்பிப் போய்ப் பார்த்தான். அவன் அந்தத் தொப்பியை எத்தனை நாள் போட்டவன், பொட்டுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாதா. பிறகு சிரித்துக்கொண்டு ருவனுக்குச் சிங்களத்தில் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி 'கண்ணூறு படாமல் நீங்கள் வைச்ச பொட்டெண்டு சொன்னனான் அம்மம்மா, சரிதானே' என்றான். நான் ஓம் என்று தலையை ஆட்டினேன். என்னைக் காப்பாற்ற என் பேரன் பொய் சொன்னான், அதுக்கும் நான் தலையாட்டினேன். ருவனுக்கு அது நன்றாகப் பிடித்துவிட்டது. தன் பையிலிருந்து தன்னுடைய படம் ஒன்றை எடுத்து, நேற்றுப் பதினேழு கோல் விட்டவனுக்குத்தான் கண்ணூறு கூட, எனக்கும் ஒன்று வையுங்கள் ஆச்சி என்று ஜனாவைக் கொண்டு சொல்லுவித்தான். எல்லோரும் சிரித்தார்கள். நான் ரதியின் அறைக்குப் போய்ப் பொட்டு மட்டையை எடுத்துக்கொண்டு வந்தேன். அந்தப் பிள்ளையின் படத்தில் நெற்றியில் வைத்தேன். அவன் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

போகும்போது லிப்ட் வரைக்கும் நான் கூடப் போனேன். ருவன் முதலில் ஏறினான். ஜனா என்னைக் கட்டிப்பிடித்து, காதுக்குள் 'அம்மம்மா, எனக்கும் நெத்தியிலை வைச்சிருக்கலாம்' என்றான். கோபமில்லை, குரல் ஏறவுமில்லை. அவனும் ஏறினான், கதவு மூடிவிட்டது.

வீட்டுக்குள் வந்து படத்தைக் கழற்றிப் பொட்டை நகத்தால் கிளப்பினேன். நாலு மாதப் பசை, பொட்டு வரும்போது படத்தின் தோலும் சேர்ந்து வந்தது. சிங்கமும் போயிற்று, தொப்பியின் முன்பக்கமும் போயிற்று, நெற்றியின் மேல்பாகம் வெள்ளை ஓட்டை. சிங்கத்தை ஒழிக்கப் போய் என் பிள்ளையின் தலையை ஓட்டையாக்கினேன்.

அந்தக் கிழமைப் புதன் சங்கத்துக்குப் போய் எல்லோருக்கும் முன்னால் உண்மையைச் சொன்னேன். என் பேரன் விளையாடுவது சிங்கப்பூருக்கு அல்ல, சிலோனுக்கு, தொப்பியில் சிங்கம் இருந்தது, நான்தான் பொட்டு வைத்து மறைத்தேன், பொட்டைக் கிளப்பப் போய்ப் படமும் ஓட்டையாகிவிட்டது என்று. இரண்டு பேர் எழும்பிப் போனார்கள், அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். பொன்னம்பலம் அண்ணைதான் 'சிங்கத்தை மறைக்கிறதுக்கு வேறை ஊர் கிடைக்கேல்லையோ தங்கச்சி, சிங்கப்பூரையே பிடிச்சனீர்' என்றார். அதுக்கும் சிலர் சிரித்தார்கள், எனக்கு அழுகைதான் வந்தது. திரேசம்மாவிடம் போய், உம்முடைய பிள்ளைகளை நினைத்துத்தான் அன்றைக்கு அப்படிச் சொன்னேன், உம் மனம் நோகக்கூடாது என்றுதான் என்று சொன்னேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்து 'நீர் உம்மடை பேரனை ஒளிச்சதுக்கு என்ரை பிள்ளையளைச் சாட்டாதையும்' என்றாள். சுருக்கென்று தைத்தது. பிறகு அவளே சொன்னாள், தன் மூத்தவன் கடலில் நீந்தினால் கரையில் சனம் கூடும் என்று, வீடு எரிந்ததில் பிள்ளைகளின் ஒரு படமும் மிஞ்சவில்லை என்று. 'என்னட்டைப் பாக்கப் படமில்லை. உம்மட்டை இருந்தது, நீர் அதிலை ஓட்டை போட்டுப்போட்டீர்' என்றாள்.

மகள், எனக்கு அந்தச் சிங்கத்தில் இப்போதும் விருப்பம் வரவில்லை, வரப்போவதும் இல்லை, அதைப் பொய்யாக எழுத மாட்டேன். ஆனால் வெறுப்பதென்றால் சிங்கத்தை வெறுத்திருக்கவேண்டும், பிள்ளையை ஏன் மறைத்தேன். தெரியாது தம்பி என்று சொன்ன வாயை நினைத்தால் சோறு இறங்குவதில்லை. இதை ஜனாவுக்கு நீ வாசித்துக் காட்டு, ஒரு வரியும் விடாமல். அவன் என்னை மன்னிக்கவேண்டும் என்று கேட்க எனக்கு வாயில்லை, என் பிழை எனக்குத் தெரியும் என்பதை அவன் தெரிந்துகொண்டால் போதும். அவனுடைய வலது தோளில் வீக்கம் கண்டேன், நல்லெண்ணெயைச் சூடாக்கி இரவில் தேய்த்துவிடு. நீ பிரசர் குளிசையை விடாமல் போடு, மருமகன் அடையாள அட்டை இல்லாமல் கடைக்குக்கூடப் போகக்கூடாது, மறக்காமல் சொல்லு. நீங்கள் மூவரும் நோய் நொடியில்லாமல், சோதனைச் சாவடிக் கொப்பியில் ஒரு பெயரும் பதியப்படாமல், நூறு வயது வாழவேண்டும். அம்மாவின் ஆசி எப்போதும் உண்டு, இந்தப் பிழைக்காரியின் ஆசியை ஆண்டவன் ஏற்றுக்கொள்ளட்டும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். புதுப் படம் ஒன்று அனுப்பு. ஜனா தனியே நிற்பது வேண்டாம், பதின்மூன்று பேரும் தொப்பியோடு குளத்தங்கரையில் நிற்கிறது, சிங்கம் தெரிகிற மாதிரியே இருக்கட்டும். படத்தின் பின்பக்கத்தில் பதின்மூன்று பேரின் பெயரையும் ஜனா தன் கையால் தமிழில் எழுதவேண்டும், பெரிய எழுத்தில், நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், கண்ணும் மங்கல். படம் வந்த கிழமைப் புதனே சங்கத்துக்குக் கொண்டுபோய் ஒவ்வொருவராகக் காட்டி ஒவ்வொரு பெயராக வாசிப்பேன், திரேசம்மா தனக்குப் பக்கத்துக் கதிரையை எனக்குப் பிடித்து வைப்பதாகச் சொல்லியிருக்கிறாள். ஏழாவது பெயரை வாசித்துவிட்டு, இவன் என் மகளின் மகன் என்று சொல்லவேண்டும். சுணங்காமல் தபாலில் போடு பிள்ளை.

இப்படிக்கு,
உன் அம்மா
அன்னமுத்து